சம்பந்தி வீட்டுக் கோடிச் சேலை

கேத வீடா? இந்தத் தெருதான். அந்தா பச்சையும் சேப்புமா பந்தல் தெரியுதுல்லா, அதேதான். பகவதியம்மா வீடு. நம்பிராஜனோட அம்மா. நீங்க நம்பிக்கு வேண்டப்பட்டவரோ? கரண்ட் ஆபீஸா? சரி சரி. ஒண்ணும் அவசரம் இல்ல, இன்னும் குளிப்பாட்டல. நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் போயிருக்காவ, திரும்பி வர முக்கா மணி நேரம் ஆவும். இங்கன உக்காருங்க. மாலைய மடியில வைக்காதிய, வேட்டி நனைஞ்சிரும். டீ சொல்லட்டுமா? போறதுக்கு முந்தி குடிச்சா குத்தம் இல்ல.

நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன். பாளையங்கோட்டையிலருந்து காலைல மொத பஸ்ஸு. ஒம்பது மணியிலருந்து இந்த பெஞ்சுலதான் இருக்கேன். என் பேரு பிறவிப்பெருமாள். செத்துப்போன அம்மாவுக்கு நான் சம்பந்தி. நம்பி பெண்டாட்டி வடிவு இருக்காள்லா, அவ என் மவ. ஒரே மவ.

பின்ன ஏன் இங்கன உக்காந்திருக்கீருன்னு பாக்கிய. கேக்கலைன்னாலும் மூஞ்சியில தெரியுது. ஒரு உத்தரவு இருக்கு, அதான். அந்த வீட்டு நடைய நான் மிதிக்கக்கூடாதுன்னு உத்தரவு. போட்டது அந்தம்மாதான். எட்டு வருஷம் ஆச்சு. இப்ப போட்டவுக போயிட்டாவ. உத்தரவு நிக்கிதா, போயிட்டான்னுதான் காலைலருந்து யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.

சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. நான் யார்கிட்டயும் சண்டை போட்டதே இல்ல. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டுல அமீனாவா இருந்தேன், ஒருத்தரக் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசுனதில்ல. எந்தக் கோர்ட்டுன்னு கேக்காதிய, அது எதுக்கு. ஏதோ ஒரு முன்சீப் கோர்ட்டு. அமீனான்னா தெரியும்லா? கடன் வாங்குனவன் கட்டலைன்னா கோர்ட்டுல தீர்ப்பாகி ஜப்தி வாரண்டு வரும். அதக் கொண்டுபோயி வீட்டுச் சாமான எடுத்துட்டு வாரவன். கடன் குடுத்தவனும் நான் இல்ல, வாங்குனவனும் நான் இல்ல, தீர்ப்பு சொன்னவனும் நான் இல்ல. ஆனா ஊருக்குள்ள நான் நடந்து போனா கதவு சாத்துத சத்தம் வரிசையா கேக்கும். எனக்கு அது பழகிப்போச்சு. மழைச் சத்தம் மாதிரி, கேட்டுக்கிட்டே நடக்கலாம்.

நான் முறையா செய்வேன். அதச் சொல்லணும். சமையல் பாத்திரத்துல கை வைக்க மாட்டேன். உடுத்துத துணி, படுக்குத பாய், தாலி, தொழில் செய்யுத சாமான், இதெல்லாம் விட்டுரணும்னு சட்டத்துலயே இருக்கு. விட்டுருவேன். உள்ள போறதுக்கு முந்தி வாசல்ல நின்னு, பொம்பளைங்க ஒதுங்கிக்கிடுங்கன்னு சத்தமா ஒரு தடவை சொல்லுவேன். ஒதுங்க நேரம் குடுப்பேன். எத்தனையோ பேரு அதக்கூட செய்ய மாட்டான், நேரா உள்ள போயிருவான். நான் அப்படி இல்ல. மூஞ்சியப் பாக்க மாட்டேன், சாமானத்தான் பாப்பேன். மூஞ்சியப் பாத்தா வேலை ஓடாது. அதனால எனக்கு இன்னைக்கும் ஒரு ஆளு முகம் ஞாபகம் இருக்காது. சாமான் ஞாபகம் இருக்கும். நாலு கால் மேசை, கண்ணாடி ஒடஞ்ச கடியாரம், சங்கு மார்க் குத்துவிளக்கு, எல்லாம் கேளுங்க, சொல்லுவேன்.

எங்க கோர்ட்டுல ஒரு பழைய வக்கீல் உண்டு. கோட்டு கிழிஞ்சிருந்தாலும் இங்கிலீஷு கிழியாது. என்னைய எங்க பாத்தாலும் ‘வாரும் பம்பெய்லிப்’பும்பாரு. நான் அது ஏதோ வெள்ளைக்காரன் காலத்துப் பதவிப் பேருன்னு நெனச்சு சலாம் போடுவேன். பதினோரு வருஷம் போட்டேன். வடிவு அப்ப ஏழாங்கிளாசு. பள்ளிக்கூடத்துல பெரிய அகராதி இருக்குன்னா. பாத்துட்டு வாம்மான்னு சொன்னேன். மறுநாள் கேட்டா, ‘அமீனான்னுதான்ப்பா போட்டுருக்கு’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. பொறவு ஒரு நாள் கோர்ட்டு கிளார்க்குதான் சொன்னான். கடன்காரன் குண்டிக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டுப் போறவன்னு, அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஜப்திக்கு வாரவனைத் திட்டுத வார்த்தையாம். பிள்ளைக்கு அந்தப் பக்கம் சரியா கிடைக்கல போல. பெரிய புஸ்தகம்லா.

டீ ஆறுது, குடிங்க.

எங்க விட்டேன்? சாமான். ஜப்தி பண்ணுன சாமான கோர்ட்டு வளவுல வச்சு ஏலம் விடுவாவ. நாங்க கேக்கக்கூடாது, கோர்ட்டு ஆளு ஏலத்துல நிக்கக்கூடாதுன்னு விதி. நான் நின்னதில்ல. என் மச்சினன் நிப்பான். அவன் கேப்பான், அவன் பேர்ல ரசீது, எங்க வீட்டுல எறங்கும். இது எல்லாரும் செய்யுததுதான். ஏலத்துக்கு வார பொருள எவனாவது எடுக்கத்தானே போறான். எங்க வீட்டுல மேசை, நாற்காலி, கட்டில், தையல் மிஷின், விட்டத்துல தொங்குத தொட்டில் கம்பி வரைக்கும் அப்படி வந்ததுதான். வடிவு படிக்குதுக்கு ஒரு மேசை போட்டுக் குடுத்தேன். நல்ல தேக்கு. அதுல யாரோ பிள்ளை காம்பஸால பேரு கீறியிருந்தது, இந்திரா, ஏழாம் வகுப்பு ஆ பிரிவுன்னு. வடிவு அந்த மேசையில ஒரு மாசம் உக்காந்தா. பொறவு தரையிலதான் உக்காந்து படிப்பா. பத்தாங்கிளாசு, பன்னெண்டாங்கிளாசு எல்லாம் தரையிலதான். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான் சௌரியம்.

அந்த வரிசையில வந்ததுதான் பீரோ. தொண்ணூத்தெட்டு ஆனி மாசம். யாரு வீடுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு வாத்தியாரு, கூட வேலை பாத்தவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டவரு. ஆனா பீரோ தெரியும். ரெட்டைக் கதவு, உள் லாக்கரு, ஆளுயரக் கண்ணாடி. அந்த வீட்டு நடைக்கல்லு ஒசரம். சுமக்குத பயக்க தூக்குததுல அசந்துட்டானுவ, கீழ் மூலை நடைக்கல்லுல இடிச்சு உள்ளங்கை அகலத்துக்கு உள்வாங்கிட்டு. அந்தக் கோட்டத்தாலதான் ஏலத்துல விலை போகல. மச்சினன் சல்லிசா எடுத்துட்டான்.

பதினாறு வருஷம் எங்க வீட்டு உள்ரூமுல நின்னுச்சு. வடிவு துணிமணி எல்லாம் அதுலதான். எம் பெண்டாட்டி போனப்ப அவ சேலைய எல்லாம் மடிச்சு அதுலதான் வச்சேன். வடிவுக்கு மாப்பிள்ளை தெகஞ்சு வந்தப்ப, சீருக்கு பீரோ வேணும்லா, புதுசு எல்லாம் தகரம், தட்டுனா டொங்குங்குது. இதத்தான் பெயிண்டு அடிச்சுக் குடுக்கணும்னு முடிவு பண்ணுனேன். வடிவு வேண்டாம்னா. கல்யாணப் பிள்ளைக வேண்டாம்னுதான் சொல்லும். கிளிப்பச்சை பெயிண்டு, ரெண்டு கோட்டிங். மூலையில கோட்டம் மட்டும் அப்படியே நின்னுட்டு.

பொண்ணு பாக்க வந்தப்ப கோர்ட்டுல என்ன வேலைன்னு கேட்டாவ. நாசர் செக்‌ஷன்னு சொன்னேன், அதான் அமீனாக்களுக்கு வாரண்டு பிரிச்சுக் குடுக்குத ஆபீஸு. பொய் இல்ல, கடைசி மூணு வருஷம் நாசர் செக்‌ஷன்லதான் இருந்தேன். இவுகளும் மாப்பிள்ளையோட அப்பா வாத்தியாரா இருந்து காலமாயிட்டாவன்னு சொன்னாவ. எத்தனையோ வாத்தியாரு. பகவதியம்மா எதுத்தாப்புலதான் உக்காந்திருந்தாவ, ரெண்டு மணி நேரம் பேசுனோம். அவுகளுக்கும் என்னைத் தெரியல, எனக்கும் அவுகளத் தெரியல. கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது.

மூணாம் நாளு மறுவீட்டுக்கு இந்தா இந்த வீட்டுக்குத்தான் வந்தேன். சீர்ச் சாமான் பின்னால குட்டி லாரியில வருது. என்னைய தார்சாவுல, அதான் வாசலை ஒட்டுன முன்கட்டுல, நாற்காலி போட்டு உக்கார வச்சு கேசரி குடுத்தாவ. நல்ல வீடு. மரநாற்காலி நாலு, சுவர்க்கடியாரம் ஒண்ணு, டிவி இருபத்தொரு இஞ்சு, கருங்காலி ஊஞ்சப்பலகை ஒண்ணு, பலகை மட்டுமே நல்ல விலைக்குப் போகும். மவ நல்ல எடத்துலதான் விழுந்திருக்கான்னு மனசு குளுந்து போச்சு.

லாரி வந்துது. பீரோவ எறக்கி வாசல்ல வச்சானுவ. அந்தம்மா ஆரத்தித் தட்டோட வந்தவுக அப்படியே நின்னுட்டாவ. தட்டக் கீழ வச்சுட்டு, குனிஞ்சு, கோட்டத்துல கைய வச்சாவ. சரியா உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கும்னு சொன்னேம்லா. வச்ச கைய எடுக்கல.

‘அண்ணாச்சி, இது எங்க வாங்குனது?’ன்னாவ.

‘ஏலத்துல எடுத்ததும்மா. நல்ல கட்டி இரும்பு. இப்பக் காசு குடுத்தாலும் இந்தக் கனத்துல கிடைக்காது’ன்னேன்.

எந்த ஊர் ஏலம்னு கேட்டாவ, சொன்னேன். எந்த வருஷம்னு கேட்டாவ. தொண்ணூத்தெட்டு ஆனின்னேன். எனக்கு ஒளிக்கத் தெரியாது.

‘பொம்பளைங்க ஒதுங்கிக்கிடுங்கன்னு சொன்னது நீங்கதானா?’

‘ஆமாம்மா. அது சட்டம்.’

‘எங்க பழைய வீட்டுல நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால ஒதுங்கி நின்னேன். பீரோ போறதத்தான் பாத்தேன். உங்களப் பாக்கல’ன்னாவ. ‘நம்பிக்கு அப்பா அதுக்குப் பொறவு ரெண்டு வருஷம் இருந்தாவ. பள்ளிக்கூடம் தவிர ஒரு எடத்துக்குப் போகல. தெருவுல எதுக்க யாரும் வந்தா சொவரப் பாத்துத் திரும்பி நிப்பாவ.’

ரெண்டு வருஷம் கழிச்சுச் செத்ததுக்கும் ஜப்திக்கும் என்ன இருக்குன்னு சொல்லுங்க? சுகர் வேற இருந்திருக்கு. நான் அத அப்ப சொல்லல. சொல்லுத எடம் இல்ல அது.

கத்தல, ஏசல. பைய சொன்னாவ. ‘உங்க மவ இனி எம் மவ. அவளுக்கு ஒரு குறையும் வராது. ஆனா நீங்க இந்த நடைய மிதிக்கக்கூடாது. தின்னுட்டு எந்திரிங்க.’ நான் கேசரியத் தின்னு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். எலையில மிச்சம் வச்சா மரியாதையா இருக்காதுல்லா. பீரோவ அவுக திருப்பி அனுப்பல. உள்ள கொண்டு போயி அரங்குல, அதான் சாமான் வைக்குத உள்ளறையில, வச்சுக்கிட்டாவளாம்.

வடிவு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தா. இந்த பெஞ்சுலதான் உக்காந்தோம். ‘அப்பா, நம்ம வீட்டுல நாம வாங்குனது எது?’ன்னா. கேட்டதுக்குப் பதில் சொல்லணும்லா. கிரைண்டர் வாங்குனது, ஃபேன் ரெண்டும் வாங்குனது, உங்கம்மாவோட பித்தளைக் கொடம் அவ கொண்டுவந்ததுன்னு யோசிச்சு யோசிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தேன். பஸ் வந்துட்டு. அவதான் கை காட்டி நிறுத்துனா.

அதுலருந்து மாசத்துல மொத ஞாயித்துக்கிழமை வருவேன். இந்த பெஞ்சு. டீக்கடைக்காரர்ட்ட கேளுங்க, சொல்லுவாரு. வடிவு இங்கன வந்து பாத்துட்டுப் போவா. பேரன் பிறந்த பொறவு தூக்கிட்டு வருவா. ‘அத்தை மனசு மாறிட்டாவளாம்மா?’ன்னு கேப்பேன். ‘இன்னும் அப்படியேதான்ப்பா இருக்காவ’ன்னுவா. சரின்னுருவேன். மேல்முறையீடு எல்லாம் எனக்குப் பழக்கம் இல்ல. உத்தரவுன்னா உத்தரவு. பேரனுக்குக் காது குத்துனாவ. அவனுக்குத் தாய்மாமன் கிடையாது, எம் மடியிலதான் வச்சுக் குத்தியிருக்கணும். ‘அத்தை வேண்டாம்னுட்டாவ’ன்னு வடிவு சொன்னா. என் தம்பி தென்காசியில இருக்கான், அவன் மவன் மடியில வச்சுக் குத்துனாவ. கடுக்கன இந்த பெஞ்சுல வச்சுத்தான் குடுத்து விட்டேன். போட்டோ காட்டுனா. பய அழாம இருந்திருக்கான். பொறவு பொறவு அவளுக்கும் வேலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவா. பேரனுக்கு ஞாயித்துக்கிழமை டியூசனாம்.

ரெண்டு மாசம் முந்தி அந்தம்மாவ எங்க ஊர் பெரியாஸ்பத்திரியில சேத்திருந்தாவ. ஆஸ்பத்திரி அவுக வீடு இல்லைல்லா. போனா உத்தரவ மீறுனதா ஆவாது. ரெண்டு ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். வடிவு சாப்பாடு வாங்கப் போயிருந்தா. அந்தம்மா என்னப் பாத்ததும் எந்திரிச்சு உக்காரப் பாத்தாவ.

‘ஏன் அண்ணாச்சி, இத்தனை வருஷமா வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கல?’ன்னாவ. ‘அன்னைக்கு ஏதோ ஆத்திரம். ஆறு மாசத்துல ஆறிப்போச்சு. உங்க மவகிட்ட நாலஞ்சு தடவை சொன்னேனே, அப்பாவ வரச் சொல்லுன்னு. காதுகுத்துக்கு உங்க மடியிலதான் பிள்ளைய வைக்கணும்னு நாந்தான் சொன்னேன். நீங்க வீம்பா இருக்கியன்னா. இவ்வளவு வீம்பு ஆவாது அண்ணாச்சி.’

‘ஆமாம்மா, நான் கொஞ்சம் வீம்புக்காரன்தான்’ன்னு சொன்னேன். மவ சொன்னத நான் பொய்யாக்க முடியுமா? நாளைக்கு அவ அந்த வீட்டுல இருக்கணும்லா. வடிவு வாரதுக்கு முந்தி எந்திரிச்சு வந்துட்டேன்.

அவகிட்ட கேட்டியளான்னு கேக்கிய. கேக்கல. மறந்திருப்பா. வீட்டு வேலை, பிள்ளை படிப்பு, மாமியாளுக்கு வைத்தியம். அஞ்சு தடவையும் மறக்குமான்னா... மறக்கும். நம்ம கோர்ட்டுல சம்மன் மேசையில இருந்தே அஞ்சு வாய்தா போயிருக்கு. எழுத்துல குடுத்தாத்தான் உத்தரவு ரத்து ஆச்சுன்னு எடுத்துக்கிடலாம். வாய்ச்சொல்லு கணக்கு இல்ல. நான் அப்படித்தான் வச்சுக்கிட்டேன். அப்படி வச்சுக்கிட்டா ராத்திரி ஒறக்கம் வருது.

நேத்து சாயங்காலம் போனு வந்தது. நம்பிதான் பேசுனாரு. அம்மா போயிட்டாவன்னு மட்டும் சொன்னாரு. வாங்கன்னு சொல்லல, வராதியன்னும் சொல்லல. கடைக்குப் போயி, உடம்பு மேல போர்த்துததுக்குக் கோடி எடுத்தேன். இந்தப் பையில இருக்கது அதான். வெள்ளையில நீலக்கரை, நூல் சேலை. புதுசு. கடையில எடுத்தது. ரசீதுகூட இருக்கு, பாக்கியளா? வேண்டாம், சும்மா சொன்னேன்.

உங்க பக்கம் வழக்கம் எப்படியோ, இங்க கோடி கூப்பிட்டுத்தான் போடுவாவ. குளிப்பாட்டி முடிஞ்சதும் ஒருத்தரு நின்னு சத்தமா கூப்பிடுவாரு. பொறந்த வீட்டுக் கோடின்னு மொதல்ல. பொறவு சம்பந்தகாரங்க கோடின்னு. அப்பக் கோடிய எடுத்துக்கிட்டு ஆளு முன்னால வரணும். கூப்பிட்டு ஆளு வரலைன்னு வைங்க, அத்தனை சனத்துக்கு முன்னால எம் பிள்ளை தலை குனிஞ்சு நிக்கணும். அப்பன் இருந்தும் ஒரு சேலைக்கு நாதி இல்லாம போச்சேன்னு பேசுவாவ. அதுக்காகத்தான் வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

உடம்ப வாசல்ல பந்தலுக்குள்ளதான் கெடத்தியிருக்காவ. பந்தக்கால் நாலும் ரோட்டுல நிக்கி. ரோடு பஞ்சாயத்துக்குச் சொந்தம். பொறவு மூணு படி, பொறவுதான் நடை. உத்தரவு நடைக்குத்தான். ஒரு வீடு எங்க ஆரம்பிக்குதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? வெளிவாசக் கதவ ஒடைக்கக்கூடாது, தொறந்திருந்தா போகலாம், முப்பத்தோரு வருஷம் இதேதான் பாத்திருக்கேன். பந்தல் வரைக்கும் போகலாம். சட்டப்படி தடை இல்ல. ஒம்பது மணியிலருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

இருங்க. அந்தா வாரா பாருங்க, அந்த காப்பிக்கலர் சேலை. வடிவு. இங்கனதான் வாரா. நீங்க எந்திரிக்க வேண்டாம், இருங்க. எம்மா, பைய வா, பஸ்ஸு வருது பாரு... ரோட்டப் பாத்து வா...

...போயிட்டா.

நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டிய. நல்ல மனுஷன். ஆனாலும் காதுல விழுந்திருக்கும்.

ஏம்ப்பா வந்தியன்னா. கோடி போடணும்லாம்மான்னேன். ‘சித்தப்பா தென்காசியிலருந்து வந்துட்டு இருக்காவ. கோடி அவுக எடுத்துட்டு வாராவ’ன்னா. அண்ணன் நான் இருக்கும்போது தம்பி எப்படிம்மா போடுவான்னு கேட்டேன். முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. பொறவு சொன்னா, ‘அத்தை போயிட்டாவ, இனி அந்த உத்தரவு இல்லைன்னுதானேப்பா வந்திருக்கிய. மொத ஆறு மாசந்தான் அது அத்தை சொன்னது. பொறவு எல்லாம் நான் சொன்னது. இனி அவுக பேரச் சொல்ல முடியாது. அதான் நானே சொல்லுதேன்.’

தெரியும்மான்னேன். எப்படித் தெரியும்னா. ஆஸ்பத்திரியில அத்தை சொன்னாவன்னேன்.

‘தெரிஞ்சும் ஏன்னு கேக்கவே இல்லியேப்பா.’

என்னத்தக் கேக்க. அவளே சொன்னா. ‘நீங்க உள்ள வந்து உக்காந்தா சாமானத்தான்ப்பா பாப்பிய. ஒவ்வொண்ணா பாப்பிய. மறுவீட்டன்னைக்குக் கேசரியத் தின்னுக்கிட்டே ஊஞ்சப்பலகைய எப்படிப் பாத்தியன்னு நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பார்வையில இருவத்துமூணு வருஷம் இருந்துட்டேன். எம் பிள்ளை மேல அது விழ வேண்டாம்.’

நான் அப்படியா பாப்பேன்? நீங்க சொல்லுங்க. இவ்வளவு நேரமா பேசிக்கிட்டு இருக்கோம்.

அழுதா. நல்லா சத்தமா அழுதா. கேத வீட்டுப் பிள்ளை அழுதா ஏன்னு யாரும் கேக்க மாட்டாவ, அது ஒரு சௌரியம். தலையில கை வைக்கலாம்னு பாத்தேன், பை ஒரு கையில, டீ கிளாஸு ஒரு கையில. வைக்கதுக்குள்ள போயிட்டா.

எனக்கு ஒண்ணும் செய்யல. நெசமாத்தான் சொல்லுதேன். வருத்தம்னா நெஞ்ச அடைக்கணும், கண்ணு கலங்கணும்னு சொல்லுவாவ. ஒண்ணுமே காணல. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்காந்தா கால் செத்துப் போயி நம்ம கால் மாதிரியே இருக்காதுல்லா, அப்படித்தான் இருக்கு. அவ மேல தப்பு இல்ல. யோசிச்சுத்தான் செஞ்சிருக்கா. கூப்பிட்டா ஆளு நிக்கணும், அதுக்குத் தம்பிக்குச் சொல்லி வச்சிருக்கா பாத்தியளா. எம் பிள்ளைக்கு எல்லாம் முறையா இருக்கணும்.

அந்தா ஆட்டோ வந்து நிக்கி. எறங்குதது என் தம்பிதான். கூட அவன் பெண்டாட்டி, கையில தட்டு. அவன் இந்தப் பக்கம் பாக்கல. பாக்காம போறதுதான் நல்லது.

நீர்மாலை வந்துட்டு, கொட்டுச் சத்தம் கேக்கா? நீங்க கிளம்புங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கியளா? சரி, இருங்க. தனியா இருக்கதுக்கு இது பரவாயில்ல. குளிப்பாட்டி முடிஞ்சுட்டு, பொறந்த வீட்டுக் கோடி கூப்பிடுதாவ. அந்தம்மாவுக்கு ரெண்டு அண்ணன், ரெண்டு பேரும் இருக்காவ. நல்ல சாவுதான். மவன் கையால கொள்ளி, பேரன் நெய்ப்பந்தம் பிடிப்பான்.

இப்ப சம்பந்தகாரங்க கோடி. என்ன தொண்டை பாருங்க அந்த ஆளுக்கு, இங்க வரைக்கும் கணீருன்னு கேக்கு. ‘சம்பந்தகாரங்க கோடி! யாருய்யா சம்பந்தகாரங்க, முன்னால வாங்க!’

அட, நான் எந்திரிச்சுட்டேனா? எப்ப எந்திரிச்சேன்? கைய விடுங்க, ஒண்ணும் இல்ல, நான் போகல. கூப்பிட்டது என்னைய இல்ல.